பழைய வீட்டைத் தொடுவதற்கு முன்: பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புப் படிப்பு, ஓர் அறிமுகம்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊர். நான் கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கும்போது, அங்கே ஒரு பழைய வீட்டை அளந்து வரைய எங்கள் வகுப்பைக் கூட்டிப்போயிருந்தார்கள். முகப்பைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றியிருக்கும் உள்வீடான வளவுக்குள் நுழைந்ததும் வலப்பக்கச் சுவர்தான் முதலில் கண்ணில் பட்டது. இடுப்பு உயரம் வரை சிமென்ட் பூசி வழவழவென்று இருந்தது. அதற்கு மேலே பழைய சுண்ணாம்புப் பூச்சு மாவு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. கை வைத்தால் விரலெல்லாம் வெள்ளை.

"ஈரம் ஏறுதுன்னு நாலு வருசத்துக்கு முன்னாடி சிமென்ட் பூசினோம் தம்பி. பூசின இடம் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேலதான் கொட்டுது. பழைய பூச்சுல்ல, வயசாயிருச்சு" என்றார் வீட்டுக்கார ஆச்சி.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். பழையது கெட்டுப்போயிருக்கிறது, புதியது நன்றாக இருக்கிறது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். எங்களோடு வந்த ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நாலு வருசத்துக்கு முன்னால் அந்த மேல் பூச்சு கொட்டிக்கொண்டிருந்ததா?" ஆச்சி யோசித்துவிட்டு இல்லை என்றார்.

நடந்தது இதுதான். தரையடி ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறும், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதைப் போல. சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தடுக்காது. தன் வழியே வெளியே விட்டுவிடும், வெயிலிலும் காற்றிலும் அது ஆவியாகிப் போகும். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அடியில் வழி அடைபட்டதும் ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமென்ட் முடிகிற இடத்தில் வெளியேறியது. அதோடு கரைந்து வந்த உப்பு, தண்ணீர் ஆவியானதும் பூச்சுக்குள்ளேயே படிகமாகிப் பெருத்து அதை உடைத்துத் தள்ளியது. ஆச்சி குறை சொன்ன பூச்சு அத்தனை ஆண்டுகளாகத் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்பு என்ற படிப்பு என்னவென்று யாராவது கேட்டால் நான் இந்தச் சுவரைத்தான் சொல்வேன். ஒரு கட்டடம் எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் அதைச் சரிசெய்யப் போனால், நல்லெண்ணத்தோடு செய்த வேலையே அதைக் கெடுத்துவிடும். எனவே இந்தப் படிப்பின் பெரும்பகுதி கட்டடத்தைத் தொடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பற்றியது.

எதைப் பாதுகாப்பது, எப்படி

தொல்லியலோடு பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தொல்லியல் பெரும்பாலும் மண்ணுக்குள் இருப்பதைத் தேடும். நம் துறை இன்னும் நின்றுகொண்டிருக்கும் கட்டடத்தைப் பார்க்கிறது, அதிலும் பெரும்பாலும் மனிதர்கள் புழங்கும் கட்டடத்தை. கோயிலும் கோட்டையும் மட்டும்தான் பாரம்பரியம் என்று நினைக்க வேண்டாம். ரயில் நிலையம், பள்ளிக்கூடம், கடைத்தெரு, நெல் குதிர், கிராமத்து ஓட்டு வீடு எல்லாமே இதில் சேரும்.

'பாதுகாப்பு' என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதற்குள் வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. இருப்பதை இருப்பது போலவே காத்து, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலில் இந்தியத் தொல்லியல் துறை பெரும்பாலும் செய்வது இதைத்தான். கட்டடத்தின் பழைய தோற்றத்தை ஆதாரங்களை வைத்து மீட்டெடுப்பது இன்னொன்று. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1874 முதல் 1879 வரை கட்டப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம், பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டையொட்டிச் சீரமைக்கப்பட்டது. கட்டடத்தை வைத்துக்கொண்டு பயனை மட்டும் மாற்றுவது மறுபயன்பாடு. செட்டிநாட்டு வீடுகளும் புதுச்சேரியின் பழைய வீடுகளும் தங்கும் விடுதியாவது இந்த வகை. கடைசியாக, அழிந்ததை மறுபடி கட்டுவது. புதுச்சேரிக் கடற்கரையில் இருந்த நகராட்சிக் கட்டடமான மேரி, 2014 நவம்பரில் இடிந்து விழுந்தது. பழைய வடிவிலேயே கட்டப்பட்டு 2021-இல் மறுபடி திறக்கப்பட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் அதே கட்டடம்தான். ஆனால் அந்தப் பழைய செங்கல்லும் காரையும் போனது போனதுதான். அதை மறுபடி கட்டியது சரி என்றே நான் நினைக்கிறேன், அந்தக் கடற்கரை வரிசையில் ஓர் இடைவெளி விழுந்திருந்தால் தெருவே வேறாகியிருக்கும். ஆனாலும் அதைப் 'பழைய கட்டடம்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இந்த வேறுபாடுகள் தேர்வுக்கு மனப்பாடம் செய்வதற்கானவை போலத் தோன்றும். வேலைக்கு வந்த பிறகு, ஒரே கட்டடத்தில் ஒவ்வொரு அறைக்கும் இவற்றில் எது பொருந்தும் என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எங்கே படிப்பது

இளநிலையிலேயே இந்தப் பெயரில் பட்டம் தருவதில் அமெரிக்கா முன்னால் நிற்கிறது. அங்கே இதை 'ஹிஸ்டாரிக் பிரிசர்வேஷன்' என்கிறார்கள். நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அத்தனை பெரிய, அழகான கட்டடத்தை இடிக்க முடியும் என்பதே மக்களை உலுக்கிவிட்டது. 1966-இல் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் தேசியச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1964-இல், கொலம்பியா பல்கலைக்கழகம் முதுநிலையில் இதைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. இப்போது விர்ஜீனியாவில் மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகம், ரோட் ஐலண்டில் ரோஜர் வில்லியம்ஸ் பல்கலைக்கழகம், தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் கல்லூரி போன்ற இடங்களில் இளநிலையிலேயே படிக்கலாம்.

இந்தியாவில் பாதை வேறு. இங்கே பெரும்பாலும் முதுநிலையில்தான் இது தனிப் பாடமாகிறது. டெல்லியிலும் போபாலிலும் உள்ள திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளிகள், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் ஆகியவை அதற்குப் பெயர்பெற்றவை. அதற்கு முன்னால் ஓர் இளநிலைப் பட்டம் வேண்டும், அது எது என்பதுதான் +2 முடித்தவர்களின் கேள்வி.

வழக்கமான வழி ஐந்து ஆண்டு பி.ஆர்க். +2-வில் கணிதமும் இயற்பியலும் எடுத்திருக்க வேண்டும், நாட்டா போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பி.ஆர்க்கில் முழுக்க முழுக்கப் பழைய கட்டடம்தான் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஐந்து ஆண்டுகளில் பெரும்பகுதி புதிய கட்டடம் வடிவமைப்பதுதான். அளவெடுத்து வரையும் முகாம், விருப்பப் பாடம், இறுதியாண்டு ஆய்வு என்று மூன்று நான்கு இடங்களில்தான் பாதுகாப்பு உள்ளே வரும். அந்த வாய்ப்புகளைப் பிடித்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

அதிகம் பேர் யோசிக்காத இன்னொரு வழி மாமல்லபுரத்தில் இருக்கிறது. 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் மரபுக் கட்டடக்கலையும் கல், உலோகம், மரம், சுதைச் சிற்பங்களும் பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகின்றன. கையில் உளி பிடித்துப் பழகியவர் சிதைந்த தூணைப் பார்க்கும் பார்வையே வேறு. அது மற்ற கல்லூரிகளில் எளிதில் கிடைப்பதில்லை.

சிவில் எஞ்சினியரிங் படித்து, பழைய கட்டுமானம் பளுவை எப்படித் தாங்குகிறது என்பதைத் துறையாக எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பாரம்பரியக் கட்டுமானங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. வேதியியல் படித்தவர்களுக்கு லக்னோவில் உள்ள தேசியப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் வேலை பொருந்தும்: ஓவியம், சுவடி, உலோகம், கல் ஆகியவற்றின் சிதைவை ஆராய்வது. வரலாறு படித்தவர்கள் ஆவணம், கல்வெட்டு, தொல்லியல் வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். ஒரு நல்ல பாதுகாப்புக் குழுவில் இவர்கள் எல்லோரும் இருப்பார்கள். ஆகவே பி.ஆர்க் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள்.

அளப்பது

சரி, வகுப்பில் என்ன செய்வோம்? முதல் வேலை அளப்பது. ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தை அங்குல அங்குலமாக அளந்து காகிதத்தில் ஏற்றுவது. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இந்தப் படிப்பின் உயிர் இதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் 1933-இல், பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, வேலை இழந்த கட்டடக்கலைஞர்களைக் கொண்டு நாடெங்கும் பழைய கட்டடங்களை அளந்து வரையும் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது, கோடை விடுமுறையில் மாணவர்களும் அதில் வரைகிறார்கள். கட்டடம் அழிந்தாலும் வரைபடம் மிஞ்சும்.

தேவையான கருவிகள் கொஞ்சம்தான். நீள டேப், தூக்குக்குண்டு, மட்டம் பார்க்க நீர் நிரப்பிய டியூப், சாக்பீஸ், பென்சில், அட்டை வைத்த தாள். இப்போது லேசர் கருவியும் முப்பரிமாண ஸ்கேனரும் வந்துவிட்டன, நல்லதுதான். ஆனாலும் முதல் கட்டடத்தையாவது டேப்பில் அளக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் குனியும்போதுதான் பூச்சில் ஓடும் விரிசல் கண்ணில் படும்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. சன்னலைத் தனியாக, அதன் பக்கத்துச் சுவரைத் தனியாக அளந்து கடைசியில் கூட்டக் கூடாது, சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிதாகிவிடும். டேப்பைச் சுவரின் ஒரு மூலையில் பிடித்து முழு நீளத்துக்கும் இழுத்துவிட்டு, சன்னல் தொடங்கும் இடம், முடியும் இடம், கதவு நிலை என்று ஒரே ஓட்டமாக எண்களைப் படிக்க வேண்டும். ஒருவர் படிக்க, ஒருவர் சத்தமாகத் திருப்பிச் சொல்லி எழுத வேண்டும். அப்புறம் அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். நாலு சுவரும் எதிரெதிரே சமமாக இருந்தால் அறை சரியான செவ்வகமாகத்தான் இருக்கும் என்று மனம் சொல்லும். அந்த வீட்டில் நாங்கள் அளந்த முதல் அறையிலேயே இரண்டு மூலைவிட்டங்களுக்கும் 12 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அறை கோணலாகத்தான் கட்டப்பட்டிருந்தது. பார்த்தால் தெரியவே தெரியாது.

இரண்டாம் நாள் இன்னொன்று இடித்தது. வெளிப்பக்கம் அளந்த மொத்த நீளமும், உள்ளே அறைகளையும் சுவர்களையும் கூட்டி வந்த நீளமும் ஒத்துவரவில்லை. முக்கால் அடி எங்கோ காணாமல் போயிருந்தது. மறுபடி அளந்தோம், மறுபடியும் அதேதான். கடைசியில் பட்டாலை என்னும் கூடத்துக்கு அடுத்த சுவர் ஒரு முனையில் இருந்ததை விட நடுவில் தடிமனாக இருப்பதைக் கண்டுபிடித்தோம். விரல் மடக்கித் தட்டினால் நடுவில் சத்தம் மாறியது. பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தில் எட்டிப் பார்த்தோம். சுற்றிலும் மெல்லிய, தட்டையான பழைய செங்கல். நடுவில் மட்டும் இப்போது புழக்கத்தில் உள்ள தடித்த செங்கல்.

ஆச்சியிடம் போய்க் கேட்டோம். சட்டென்று சொல்லிவிட்டார்: "அதுவா, அது வாசல்ல. எங்க மாமனாரும் அவுக தம்பியும் பாகம் பிரிச்சுக்கிட்டப்ப அடைச்சது. அந்தப் பக்கம் அவுக வீடு."

பக்கத்து வீடு என்று நாங்கள் நினைத்தது இதே வீட்டின் மறுபாதி. ஒரு பாகப்பிரிவினை செங்கல்லாக அந்தச் சுவரில் நின்றுகொண்டிருந்தது. அளவுக் கணக்கு, செங்கல்லின் தடிமன், ஆச்சியின் நினைவு மூன்றும் ஒன்றையொன்று உறுதிசெய்தன. இந்தத் துறையில் 'ஆதாரம்' என்று சொல்வது இதைத்தான்.

அப்போது எங்களில் ஒருவர் கேட்டார்: இந்த வீட்டைச் சீரமைப்பதாக இருந்தால் அந்த வாசலைத் திறப்பதா, விடுவதா? வீட்டை முதலில் கட்டியவர் அங்கே வாசல்தான் வைத்தார், அதனால் திறக்கலாம். ஆனால் அடைத்ததும் அந்த வீட்டில் நடந்ததுதான், அதை அழித்துவிட்டு அண்ணன் தம்பி பிரியாதது போல ஒரு வீட்டைக் காட்டலாமா? எந்தக் காலத்துக்கு மீட்பது என்ற இந்தக் கேள்விக்கு எல்லாக் கட்டடத்துக்கும் பொருந்தும் பதில் கிடையாது. 1964-இல் வெனிஸ் நகரில் ஏற்றுக்கொள்ளப்பட்ட சாசனம் ஒரு வழிகாட்டல் தருகிறது. கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்ததை மதிக்க வேண்டும், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நின்றுவிட வேண்டும், புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைய வேண்டும், ஆனால் புதியது என்று தெரியவும் வேண்டும். நாங்கள் எங்கள் வரைபடத்தில் அந்த வாசலைப் புள்ளிக்கோட்டில் போட்டு, ஆச்சி சொன்னதைப் பக்கத்தில் எழுதினோம்.

சுண்ணாம்பு

இரண்டாவது பெரிய பாடம் பொருள்கள். மரம், செங்கல், கல், ஓடு, இரும்பு எல்லாம் உண்டு. ஆனால் நம் ஊரில் தொடங்க வேண்டிய இடம் சுண்ணாம்பு. போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824-இல்தான். அது நம் ஊரில் பரவலானது இருபதாம் நூற்றாண்டில். அதற்கு முன்னால் எழுந்த செங்கல் கட்டடங்களில் நல்லவை பெரும்பாலும் சுண்ணாம்புக் காரையில்தான் நிற்கின்றன.

சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து நீறும். பூசிய பிறகு அது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை மெதுவாகத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. கல்லில் தொடங்கிக் கல்லில் முடியும் ஒரு சுற்று. பாடப்புத்தகத்தில் மூன்று சமன்பாடுதான். முதன்முறை தொட்டியில் தண்ணீர் ஊற்றி அது சீறி ஆவி கிளப்புவதைப் பார்த்தபோது எங்கள் வகுப்பே இரண்டடி பின்னால் போனது. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அதன் பக்கத்தில் போகக் கூடாது, கண்ணில் தெறித்தால் ஆபத்து.

நீற்றியதை உடனே பயன்படுத்துவதில்லை. ஊற வைப்பார்கள், நாள் ஆக ஆக அது வெண்ணெய் போலக் குழையும். மணலோடு சேர்த்துச் செக்கில் அரைப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பது நம் வழக்கம். செட்டிநாட்டில் மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றுவார்கள். எங்களுக்குப் பயிற்சி தந்த மூத்த கொத்தனார் கலவையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பார்ப்பார். நறநறவென்று இருந்தால் மறுபடி செக்குக்குத்தான் போகும். எத்தனை முறை அரைக்க வேண்டும் என்று ஒரு மாணவி எண்ணிக்கை கேட்டாள். "விரல் சொல்லுறவரைக்கும்மா" என்றார். அவர் விரலுக்குத் தெரிந்ததை ஆய்வகச் சோதனையோடு சேர்த்துப் பதிவு செய்வதும் இந்தப் படிப்பின் வேலைதான். அவரைப் போன்றவர்கள் வேகமாகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான பாடம், பழுதுபார்க்கும் பொருள் பழைய பொருளை விட வலுவாக இருக்கக் கூடாது என்பது. வலுவானதுதானே நல்லது என்று எல்லோருக்கும் தோன்றும். ஆனால் பூச்சு தேய்ந்தால் பத்து இருபது ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி பூசிக்கொள்ளலாம். பூச்சு தேயாமல் செங்கல் தேய்ந்தால் சுவரே போய்விடும். ஆச்சி வீட்டுச் சுவரில் பழைய பூச்சைக் கெடுத்ததும் அப்படியொரு வலுவான பூச்சுதான்.

இதே கண்ணோடு மாடியைப் பார்த்தால் மெட்ராஸ் டெரஸ் புரியும். சென்னையின் பழைய கட்டடங்கள் பலவற்றில் இந்தக் கூரைதான். மர உத்திரங்கள்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டை ஓடுகளைப் பதிப்பார்கள். இதில் ஒழுகல் என்றால், மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டுவிடுகிறார்கள். எடை கூடுகிறது, உத்திர முனை சுவருக்குள் ஈரத்தில் இற்றுப்போவது வெளியே தெரிவதில்லை. ஒரு நாள் கூரை இறங்கும்.

கோயில் என்னும் தனிக் கேள்வி

வெனிஸ் சாசனத்தை எழுதியவர்கள் மனத்தில் இருந்தவை பெரும்பாலும் ஐரோப்பியக் கல் கட்டடங்கள். நம் கோயிலில் அதை அப்படியே பொருத்த முடியாது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவது மரபு. கோபுரச் சுதை உருவங்கள் புதுப்பிக்கப்படும், வண்ணம் பூசப்படும். அதை நினைவுச்சின்னமாக உறைய வைத்தால் கோயில் கோயிலாக இருக்காது. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய நிபுணர்கள், உண்மைத்தன்மை என்பதை அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான். மரக் கோயிலைப் பிரித்துக் கட்டும் மரபுள்ள நாட்டில் அந்தக் கருத்து எழுந்தது இயல்பு.

அதற்காகத் திருப்பணி என்ற பெயரில் எதையும் செய்யலாம் என்று ஆகிவிடாது. உயர் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கல் சுவரைச் சுத்தம் செய்த கோயில்களில் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போயின. ஆயிரம் ஆண்டு வெயில் மழையைத் தாங்கிய எழுத்து ஒரே நாளில் போவதைப் பார்ப்பது கொடுமை. நல்ல எடுத்துக்காட்டும் நம்மிடமே இருக்கிறது. திருவரங்கம் அரங்கநாதர் கோயிலில் பிற்காலத்தில் சேர்ந்தவற்றை அகற்றி, மரபு முறையில் வேலை செய்து, பழைய மழைநீர்ச் சேகரிப்பையும் வடிகாலையும் மீட்டார்கள். 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருது அதற்குக் கிடைத்தது. அங்கே வழிபாடு நின்றுவிடவில்லை, வடிகாலும் வேலை செய்கிறது. மாணவர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

சட்டமும் வேலையும்

சட்டப் பாடம் சலிப்பாக இருக்கும், ஆனாலும் தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் 1958 சட்டமும் அதன் 2010 திருத்தமும் சொல்வது: பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது, அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற வேண்டும். மாநில அளவில் தமிழ்நாட்டுக்கு 1966 சட்டம் உண்டு. இவை காப்பது பட்டியலில் ஏறிய சின்னங்களை. ஆச்சியின் வீட்டைப் போன்றவை பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் இல்லை. பங்காளிகள் பத்து ஊரில், பத்து நாட்டில் இருப்பார்கள். கூரை மாற்றப் பணம் யார் போடுவது என்பதில் பேச்சு நிற்கும். பிறகு ஒரு நாள் வீடு பிரிக்கப்படும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் வரிசையாகச் சாத்தி வைத்திருக்கும் தூண்களையும் கதவு நிலைகளையும் பார்த்தால், ஒவ்வொன்றும் எந்த வளவிலிருந்து வந்ததோ என்று எனக்குத் தொண்டை அடைக்கும். சட்டம் எட்டாத இந்த இடத்தில், வீட்டுக்காரரோடு உட்கார்ந்து, குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று பேசத் தெரிந்தவர்தான் தேவை.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இந்தியத் தொல்லியல் துறை, மாநிலத் தொல்லியல் துறை, அறநிலையத் துறையின் திருப்பணிகள், பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்திருக்கும் தமிழ்நாடு பொதுப்பணித் துறை, பாரம்பரியப் பாதுகாப்புக்காக 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்பு, பாதுகாப்பில் தேர்ந்த தனியார் அலுவலகங்கள் என இடங்கள் இருக்கின்றன. ஆனால் தொடக்கச் சம்பளம் மற்ற கட்டடக்கலை வேலைகளை விடக் குறைவாக இருக்கலாம், முதுநிலைப் பட்டம் கேட்பார்கள், தளத்தில் தூசியிலும் வெயிலிலும் நிற்க வேண்டும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு வருவது நல்லது. நான் வருத்தப்பட்டதில்லை.

கல்லூரிக்குப் போகும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. இந்த விடுமுறையில் உங்கள் பாட்டி வீடோ, தெருவில் உள்ள பழைய வீடோ, கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். ஒரு டேப், ஒரு நோட்டு, கூட ஒரு நண்பர் போதும். ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு சுவர், இரண்டு மூலைவிட்டம், கதவு, சன்னல், சுவரின் தடிமன். செங்கல் வெளியே தெரிந்தால் அதன் நீளம், அகலம், உயரம். பூச்சு எங்கே உதிர்கிறது, எந்த உயரத்தில், அதற்கு வெளியே குழாயோ செடியோ இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வரைந்து முடித்ததும் எண்களைக் கூட்டிப் பாருங்கள். கூட்டல் ஒத்துவராத இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டு, அந்த வீட்டில் வயதில் மூத்தவரிடம் போய் உட்காருங்கள்.